கோழியைக் காணோம்

“கோழியக் காணோம்டா” என்றுதான் அம்மா பேச்சை ஆரம்பித்தார். வேலை நேரம், ஒரு காதில் அலுவலகக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு உடனே பிடிபடவில்லை. நாங்கள் கோழி வளர்ப்பதில்லை. அவர் சொல்வது பழமொழிக் கோழி என்று புரிய ஒரு நிமிடம் ஆனது.

அம்மா பழமொழி சேர்ப்பவர். இருபது வருடத்துக்கும் மேலாகச் சேர்க்கிறார். பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது, கல்யாண வீட்டில் யாரோ பேச்சுவாக்கில் விட்டது, பழைய அச்சுப் பக்கங்களில் கிடைத்தது என்று எதையும் விடமாட்டார். முதலில் நோட்டில் எழுதினார், பிறகு கணினியில் தட்டினார், இப்போது போனிலேயே ஏற்றிவிடுகிறார். மொத்தம் 6,000 சொச்சம் இருக்கும். அவற்றில் தேடுவதற்காக நான் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன்: எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்று, அதன்மேல் பைத்தான் நிரல்மொழியில் கொஞ்சம் வரிகள், ஒரு தேடல் பெட்டி. அவ்வளவுதான். உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பயனர், என் அம்மா.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். “கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா, கோழி கூவியா பொழுது விடியும்னு பத்துப் பதினஞ்சாவது நான் ஏத்தி வெச்சிருக்கேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தேடினா மூணுதான் வருது. யானைன்னு போட்டா அத்தனையும் வருது. கோழிக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

என்ன எதிர்பார்த்தார், என்ன கிடைத்தது, எது ஒழுங்காக இயங்குகிறது, எது இயங்கவில்லை, எல்லாம் நாலு வரியில் இருக்கிறது. வேலையில் எனக்கு வரும் பிழைப் புகார்களில் இவ்வளவு தெளிவானவை குறைவு. “தேடல் வேலை செய்யவில்லை, அவசரம்” என்று வருவதுதான் வழக்கம். யானையோடு ஒப்பிட்டுச் சொன்னாரே, அந்த ஒப்பீட்டில்தான் விடையே இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் அதைக் காதில் வாங்கவில்லை. “அரை மணி நேரத்துல சரி பண்ணிடறேன்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். முடிய நான்கு மாலைகள் ஆயின. தமிழ் உரையைக் கையாளும் யாருக்கும் இது நாளை வரக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் மாலை வீண். தேடல் சரியில்லை என்றால், எந்தச் சொல் எந்த வரியில் என்று நிரல் குறித்து வைத்திருக்கும் அட்டவணை பழசாகியிருக்கும் என்று கை தானாகவே அங்கே போனது. அட்டவணையை அழித்துப் புதிதாகக் கட்டினேன். அதே மூன்று. சரி, தரவு ஏறும்போது வரிகள் விட்டுப்போயிருக்குமோ என்று எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை கச்சிதமாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அது தற்காலிக நினைவகத்தைத் துடைக்கச் சொன்னது, அட்டவணையைத் திரும்பக் கட்டச் சொன்னது, எழுத்துப் பிழை இருக்கலாம் என்றது. தப்பு அதனுடையதல்ல. “தேடினால் வரவில்லை” என்று மட்டும் கேட்டால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நானே அதைத்தானே செய்தேன்?

இரண்டாவது மாலை வேறு பக்கத்திலிருந்து போனேன். கோழியைத் தேடாமல் “குஞ்சு” என்று தேடினேன். வந்தது. “கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா” என்ற வரி திரையில் பளிச்சென்று நிற்கிறது, அதில் கோழியும் இருக்கிறது. ஆனால் கோழி என்று தட்டினால் இந்த வரி வருவதில்லை. எழுத்துப் பிழை இல்லை, வரி விட்டுப்போகவும் இல்லை. கண் எதிரில் இருப்பதை நிரல் இல்லை என்கிறது.

அப்போது தோன்றியதைச் செய்தேன். அந்த வரியிலிருந்தே கோழி என்ற சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். 16 வரிகள் வந்தன. ஆனால் முதலில் வந்த அந்த மூன்று அவற்றில் இல்லை. திரும்பக் கையால் தட்டினேன், மூன்று மட்டும். ஒட்டினேன், பதினாறு மட்டும். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரண்டு கோழிகள், ஒன்று இருக்கும் கூட்டத்தில் இன்னொன்று இல்லை. நிரல் எழுதும் வேலையில் இப்படி ஒரு நொடி வரும்போது உடம்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். என்ன நடக்கிறது என்று இன்னும் தெரியாது, ஆனால் இனி ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

அடுத்து நான் செய்தது எந்தக் கருவியும் தேவைப்படாத ஒரு சோதனை, நீங்களும் செய்து பார்க்கலாம். இரண்டு கோழிகளையும் ஒரு வெற்று உரைப் பெட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, கர்சரை “கோ”வுக்கு அடுத்து நிறுத்தி, பின்னழிப்பு விசையை ஒரே ஒரு தடவை அழுத்தினேன். கையால் தட்டிய கோழியில் “க” மிஞ்சியது. ஒட்டிய கோழியில் “கே” மிஞ்சியது.

அந்தக் “கே”யைப் பார்த்ததும் பாதி விளங்கிவிட்டது. மீதிக்கு பைத்தானில் இரண்டு சொற்களையும் எழுத்தெண்களாக, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் எண்களாக, அச்சிட்டேன். கையால் தட்டியது: 2965, 3019, 2996, 3007. க, ஓகாரக் குறி, ழ, இகரக் குறி. நான்கு எண்கள், அந்த எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு எண் ஒன்றுக்கு 3 பைட் வீதம் 12 பைட். ஒட்டியது: 2965, 3015, 3006, 2996, 3007. க, ஏகாரக் குறி, துணைக்கால், ழ, இகரக் குறி. ஐந்து எண்கள், 15 பைட். நாம் ஓகாரத்தைக் கையால் எழுதும்போது இரட்டைச் சுழி போட்டு, க எழுதி, பின்னால் கால் போடுகிறோம் அல்லவா? அந்தச் சுழியையும் காலையும் தனித்தனியாக வைத்திருக்கிறது ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக வைத்திருக்கிறது இன்னொன்று. திரையில் வரையும்போது எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடுகிறது. எஸ்க்யூலைட் வழக்கமாக ஒப்பிடுவது பைட்டுக்குப் பைட்டாகத்தான், அதற்கு இரண்டும் வேறு வேறு சொற்கள்.

யானைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் அங்கேயே தெரிந்தது. ஐகாரக் குறி ஒரே குறி, அதைப் பிரிக்க வழியில்லை. உயிர்க்குறிகளில் எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்பவை மூன்றுதான்: ஒகரம், ஓகாரம், ஔகாரம். இந்த மூன்றுக்கும்தான் இரண்டு வடிவம் சாத்தியம். (தனி எழுத்தான ஔவுக்கும் உண்டு, ஒ எழுதி ஔகார நீட்டக் குறி சேர்க்கலாம்.) அப்படியானால் சிக்கல் கோழியோடு நிற்காது. “போதும் என்ற மனமே” தேடிப் பார்த்தேன், பாதி வரவில்லை. “பொறுத்தார்”, “கொல்லன்”, “சோறு”, “தோல்வி”, “மொட்டை” எல்லாவற்றிலும் அதே கதை. இத்தனை வருடம் அம்மா இவற்றையெல்லாம் தேடும்போது கிடைத்ததைப் பார்த்து, இவ்வளவுதான் இருக்கிறது போல என்று நினைத்து நகர்ந்திருக்கிறார். எனக்கு அதுதான் உறுத்தியது. நிரல் படுத்துவிட்டால் எல்லாருக்கும் தெரியும். குறைவான விடையைத் தன்னம்பிக்கையோடு தரும் நிரலைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. கோழி வரிகள் எத்தனை என்று அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்ததால்தான் இது வெளியே வந்தது.

சரி, இரண்டு வடிவம் எப்படி வந்தது? தேடிப் போனால் நான் 9 வருடத்துக்கு முன் எழுதிய மாற்றியில் போய் நின்றது.

அம்மா ஆரம்பத்தில் தட்டியதெல்லாம் பாமினி எழுத்துருவில். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்தன. டிஸ்கி, டாம், டாப் என்று பொதுவான முறைகளும் இருந்தன, தன் வழியே போனவையும் இருந்தன. பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். கோழி என்பது என், எஃப், எச், ஓ, பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளாக இருக்கும். என் என்றால் ஏகாரச் சுழி, எஃப் என்றால் க, எச் என்றால் கால், அப்புறம் ழ, கடைசியில் இகரக் கொக்கி. கையால் எழுதும் வரிசை அப்படியே. இன்று எல்லா மொழிகளுக்கும் பொதுவாக இருக்கும் குறியாக்கமான யூனிகோட் வேறு மாதிரி, அங்கே ஒலிக்கிற வரிசை: முதலில் மெய்யின் அகர வடிவம், பிறகுதான் உயிர்க்குறி, அது எழுத்துக்கு முன்னால் தெரிகிற குறியாக இருந்தாலும் சரி.

கல்லூரியில் படித்தபோது நான் எழுதிய மாற்றி, ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் அதற்குரிய தமிழ்க் குறியாக மாற்றி, முன்னால் நின்ற சுழியை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவைத்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டது. சுழியும் காலும் சேர்ந்து வந்தால் ஒரே ஓகாரக் குறியாகச் சேர்க்க வேண்டும் என்ற ஒரு படி அதில் இல்லை. பழைய நிரலைத் திறந்து பார்த்தேன், அந்த இடத்தில் “திரையில் சரியாகத் தெரிகிறது” என்று குறிப்புகூட எழுதி வைத்திருக்கிறேன். உண்மைதான், சரியாகத்தான் தெரிந்தது. எழுத்தைக் கண்ணால் சோதித்தேன், எண்ணால் சோதிக்கவில்லை. ஆக, பழைய கோப்புகளிலிருந்து வந்த கோழி பிரிந்த கோழி. பின்னாளில் அம்மா போனில் நேரடியாகத் தட்டிய மூன்றும் சேர்ந்த கோழி.

இதில் யூனிகோட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. 2944 முதல் 3071 வரை நமக்கு 128 இடங்கள். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல், அதற்கு முந்தைய இந்தியத் தரமான இஸ்கியைப் பின்பற்றி, உயிர், அகரமேறிய மெய், குறி என்று துண்டுகளாக வைத்தார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று நம்மவர்கள் நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள், 2010இல் தமிழ்நாடு அரசு டேஸ்-16 என்ற மாற்றுக் குறியாக்கத்தையும் ஒரு தரமாக அறிவித்தது. அது தனிக் கதை. எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட செய்தி ஒன்றுதான்: பிரிந்த ஓகாரமும் சேர்ந்த ஓகாரமும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது, இப்படிச் சமமானவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையையும் வகுத்து வைத்திருக்கிறது. சேர்த்து வைக்கும் வடிவத்துக்கு என்எஃப்சி, பிரித்து வைக்கும் வடிவத்துக்கு என்எஃப்டி என்று பெயர். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா நூலகத்தில் ஒரே ஒரு அழைப்பு. எண்களைக் கொடுத்துக் கேட்டபோது உதவியாளரும் நொடியில் இதையேதான் சொன்னது. கேள்வியை அந்த இடத்துக்குக் கொண்டுவரத்தான் எனக்கு இரண்டு மாலை ஆனது.

மூன்றாவது மாலை, சரிசெய்யும் வேலை. தரவுத்தளத்துக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வட்டில் வைத்தேன். அம்மாவின் இருபது வருடம் அது, அதில் விளையாட எனக்கு உரிமை கிடையாது. பிறகு எல்லா வரிகளையும் என்எஃப்சிக்கு மாற்றினேன், தேடல் பெட்டியில் வருவதையும் அதே வழியாக விட்டேன். கோழி, 19. மூன்றும் பதினாறும் சேர்ந்துவிட்டன. அங்கேயே எழுந்து போயிருக்கலாம்.

போகவில்லை. எண்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. எந்தெந்த எழுத்தெண் எத்தனை தடவை வருகிறது என்று மொத்தத் தொகுப்புக்கும் ஒரு பட்டியல் எடுத்தேன். இதை யாருக்கும் பரிந்துரைப்பேன், பத்து வரி நிரல்தான், தரவின் வண்டவாளம் அத்தனையும் வெளியே வந்துவிடும். தமிழுக்கு நடுவில் 8204 என்ற எண் எட்டிப்பார்த்தது. அது அகலமில்லாத இணைப்புநீக்கி, இரண்டு எழுத்துகளை ஒட்டவிடாமல் வைக்கும் குறி, கண்ணுக்குத் தெரியாது. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய வரிகளில் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு தேடலைத் தடுக்கிறது. சாதாரண இடைவெளிக்குப் பதில் 160ஆம் எண் இடைவெளி சில வரிகளில். ஸ்ரீயில் இரண்டு வகை, ஸவில் தொடங்குவது ஒன்று, ஶவில் தொடங்குவது இன்னொன்று. அந்த ஶ யூனிகோட்டுக்கு வந்ததே 2005இல்தான், அதனால் பழைய உரையெல்லாம் முதல் வகை. இவையெல்லாம் சில்லறை வேலைகள், ஆளுக்கொரு வரியில் முடிந்தன.

முடியாதது ஔகாரம். கௌரவம், மௌனம், பௌர்ணமி போன்ற சொற்களைப் பலரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரச் சுழியும் ள என்ற எழுத்தும் போட்டே தட்டுகிறார்கள். “கெளரவம்”. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் கௌரவத்தில் இருப்பது ஒரே குறி, 3020. இதில் இருப்பது 3014ஆம் எண் சுழியும் 2995ஆம் எண் ளவும். யூனிகோட் விதிப்படி இவை சமமில்லை, நியாயமாகப் பார்த்தால் இது எழுத்துப் பிழை. அதனால் என்எஃப்சி இதைத் தொடாது. நானே ஒரு விதி எழுதினேன்: சுழி உள்ள எழுத்துக்குப் பின் ள வந்து, அந்த ளவுக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லாவிட்டால், அது ஔகாரம். “தெளிவு” தப்பிக்கும், ஏனென்றால் அங்கே ளவுக்குக் குறி இருக்கிறது. “வெள்ளம்” தப்பிக்கும், புள்ளி இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், கௌரவமும் மௌனமும் அழகாக வந்தன. திருப்தியோடு அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் அம்மா அழைத்தார். “வௌங்காதவன்னா என்னடா?”

பழமொழிகள் பேச்சுத் தமிழில் இருப்பவை. விளங்காதவனை அம்மா “வெளங்காதவன்” என்று, ஆள் சொன்னது சொன்னபடி, ஏற்றி வைத்திருக்கிறார். அங்கே ள உண்மையான ள, அதற்குக் குறி எதுவும் இல்லை, என் விதிக்குள் கச்சிதமாக விழுந்துவிட்டது. வெளக்கு, வௌக்கு ஆகிவிட்டது. மெளகு, மௌகு. எழுத்துத் தமிழை மட்டும் மனதில் வைத்து எழுதிய விதி, அம்மா எதற்காக இந்தத் தொகுப்பையே செய்கிறாரோ அதைக் கெடுத்துவிட்டது. நகல் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். நகல் இல்லாமல் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அதிலிருந்து அமைப்பையே மாற்றினேன், இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அம்மா ஏற்றிய வரி எதுவோ அது அப்படியே ஒரு பத்தியில், அதாவது தரவுத்தளத்தின் ஒரு நெடுவரிசையில், இருக்கும், எந்த விதியும் அதைத் தொடாது. பக்கத்தில் இன்னொரு பத்தி, தேடலுக்கென்றே. அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஏனென்றால் அதை யாரும் படிக்கப் போவதில்லை. 8204ஐ எடுத்துவிடலாம். (மூல வரியில் எடுக்கக் கூடாது, க்ஷ என்ற கூட்டெழுத்தாக ஒட்டாமல் இருக்க சிலர் வேண்டுமென்றே அதைப் போடுவார்கள்.) ஸ்ரீ இரண்டையும் ஒன்றாக்கலாம். ஔகாரத்தையும் எகரச்சுழி ளவையும் ஒன்றாக்கலாம், எது சரி என்று தீர்மானிக்காமலே: தேடல் பத்தியிலும் தேடும் சொல்லிலும் ஔகாரக் குறி எங்கே வந்தாலும் சுழியும் ளவுமாகப் பிரித்துவிட்டால் போதும், இரண்டும் சந்தித்துக்கொள்ளும். நான் போட்ட விதி பிழையைச் சரியாக்கப் பார்த்தது. சரியானதைப் பிழைக்கு இறக்கி வைத்தால் எந்தக் கேள்வியும் எழுவதில்லை, காட்டப் போவது மூல வரியைத்தானே! இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கை ஈரத்தோடு போய் நோட்டில் எழுதி வைத்தேன்.

மூல வரிகளில் இருக்கும் உண்மையான பிழைகளை என்ன செய்வது? அதை அம்மாவிடம் விட்டேன். சந்தேகமான சொற்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்தேன், 64 சொற்கள். பக்கத்தில் இரண்டு வடிவமும் பெரிதாக. அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறி போட்டார். 41இல் ஔகாரம், 23இல் உண்மையான ள. சிலவற்றில் நின்று, அதைச் சொன்னவர் யார், எந்தத் தொனியில் சொன்னார் என்றெல்லாம் யோசித்துத்தான் குறித்தார். அந்தத் தகவல் எந்தக் கோப்பிலும் கிடையாது.

நான்காவது மாலை துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் போனது. அச்சுப் பக்கங்களைப் படமெடுத்து எழுத்துணரி வழியாக ஏற்றிய சில நூறு வரிகளில், கால் இருக்க வேண்டிய இடத்தில் ர இருந்தது. கோழிக்குப் பதில் “கேரழி”. வேகமாகப் படித்தால் கண் அதைக் கோழி என்றே படித்துவிடும். இந்த முறை நான் அவசரப்படவில்லை. கேரழியைக் கோழி ஆக்கும் விதி கேரளத்தைக் கோளம் ஆக்கிவிடும், தேரடியைத் தோடி ஆக்கிவிடும், எல்லாம் நிஜமான சொற்கள். நேரே பட்டியல், நேரே அம்மா.

அந்தப் பட்டியலைப் பார்த்தபடியே அம்மா சொன்னார், ஓலைச்சுவடியில் இதைவிடக் கஷ்டம், கொடு என்றாலும் கோடு என்றாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்று. உண்மைதான். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள், புள்ளி இல்லையென்றால் எ, ஒ வரிசைகளில் குறிலும் நெடிலும் ஒன்றுபோல ஆகிவிடும். ஏகாரத்துக்கு மேலே இந்த இரட்டைச் சுழி வந்ததே வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்பார்கள், 18ஆம் நூற்றாண்டு. அவர் சுழித்த சுழியை நான் 3015 என்று அச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது, இந்த வேலை என் மேசையில் ஆரம்பித்தது இல்லை என்று தோன்றியது, மனதுக்கு நன்றாகவும் இருந்தது.

கடைசியாகச் சோதனைகள் எழுதினேன். கோழி இரண்டு வடிவத்திலும், கொல்லன், கௌரவம், வெளங்காதவன், கேரளம், தெளிவு. ஒவ்வொன்றும் ஒரு மாலையின் விலை. இனி யார் இந்த நிரலைத் தொட்டாலும், நானே இன்னும் 9 வருடம் கழித்துத் தொட்டாலும், வெளங்காதவன் வௌங்காதவன் ஆனால் அங்கேயே சிவப்பு விளக்கு எரியும்.

இது வீட்டு வேலையோடு நிற்கவில்லை. மறுவாரம் அலுவலகத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்த படிவத்தில், பெயருக்கு 40 பைட் என்று ஒரு வரம்பு இருப்பது கண்ணில் பட்டது. முன்பு பார்த்திருந்தால் கடந்து போயிருப்பேன். கோபாலகிருஷ்ணன் என்று போட்டுப் பார்த்தேன். நம் கணக்கில் 8 எழுத்து. யூனிகோட் கணக்கில் 14 குறிகள். யூடிஎஃப்-8இல் 42 பைட். கடைசிப் புள்ளி பாதியில் வெட்டுப்பட்டுப் பெயர் “கோபாலகிருஷ்ணன” என்று நின்றது, பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம். கூட்டத்தில் இதைத் திரையில் காட்டினேன். விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை, ஒருவர் தன் அப்பா பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வரம்பை அன்றே மாற்றினோம். இப்போது எந்தப் படிவம் வந்தாலும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது கோபாலகிருஷ்ணனைத்தான்.

அம்மாவின் தேடலுக்கு நான் செலவழித்தது நான்கு மாலைகள், ஒரு காலைநேர அதிர்ச்சி. ஒரே ஒரு பயனருக்கு இவ்வளவா என்று நண்பன் கேட்டான். அந்தப் பயனர் யார் என்று எனக்குத் தெரியும், அவர் எந்தச் சொல்லைத் தேடுவார், கிடைக்காவிட்டால் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும். பகலெல்லாம் முகம் தெரியாதவர்களுக்காக நிரல் எழுதும் எனக்கு, மாலையில் இப்படி ஒன்று தேவைப்படுகிறது.

முந்தாநாள் அழைத்தார். கோழி பத்தொன்பதும் கிடைத்துவிட்டதாம், அதில் ஒன்று அவருடைய அத்தை சொன்னது, ஏற்றியதையே மறந்திருந்தாராம். அதை இரண்டு தடவை எனக்குப் படித்துக் காட்டினார். அப்புறம் ஒரு இடைவெளி விட்டு, “இன்னொண்ணு கேக்கட்டுமா? கோழின்னு போட்டா கோழிய, கோழிக்கு எல்லாம் வருது. மரம்னு போட்டா மரத்தை, மரத்துலன்னு இருக்கறது ஒண்ணும் வர மாட்டேங்குதே, ஏன்?” என்றார்.

நோட்டை எடுத்துப் புதுப் பக்கத்தில் மரம், மரத்தை என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை அரை மணி நேரம் என்று சொல்லவில்லை.